மேசை மரத்துக் கிட்டார்

எங்கள் கடையில் எதையாவது விற்க வேண்டுமென்றால் முதலில் என் தம்பியைப் பின்னறைக்கு விரட்ட வேண்டும். கிட்டார் செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் வந்தவர் எழுந்து போய்விடுவார். "இது நல்லா உழைக்குமா?" என்று கேட்டால், "உழைக்கும்னுதான் நினைக்கிறேன்" என்பான். நினைக்கிறானாம்! நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அதனால் அவன் பின்னறையில் மரம் இழைப்பான், நான் முன்னறையில் ஆட்களைப் பார்ப்பேன். அவன் மேசையை அறுக்கும்வரை இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அது அப்பாவின் மேசை. அப்பா தையல்காரர். இன்று கிட்டார்கள் தொங்குகிற இதே அறையில்தான் அவர் தைத்தார். அறையை அடைத்துக்கொண்டு துணி வெட்டும் மேசை இருக்கும். ஒட்டு இல்லாத ஒரே பலகை. என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. தச்சர் ஒரு பெயர் சொன்னார். மரக்கடைக்காரர் வேறு பெயர் சொல்லி, தச்சருக்குக் கண் தெரியாது என்றார். அப்பாவைக் கேட்டால், "மேசை மரம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அந்த மேசைக்கு அடியில்தான் நாங்கள் வளர்ந்தோம். துண்டுத் துணிக் குவியலில் தூங்கி எழுந்தோம். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அப்பா ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வெட்டுவார். உதடு திறக்காத அந்த முனகல் பலகை வழியாக எங்கள் தலைக்கு இறங்கும். என் சின்ன வயது என்றால் எனக்கு முதலில் அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் அவர் முகம்.

மேசைமேல் ஏறக்கூடாது, எழுதக்கூடாது, சாப்பிடக்கூடாது. ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது, துணியில் புள்ளி குத்துகிற சின்னப் பல்சக்கரத்தை எடுத்து மேசையின் ஒரு மூலையிலிருந்து நெளிநெளியாக ஓட்டினேன். பாதி வழியில் பின்னாலிருந்து காதைப் பிடித்தார். சக்கரம் வெடுக்கென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

"மேசைக்கே தையல் போட்டுட்டியா?" என்றார். திட்டத்தான் வந்தார், சிரித்துவிட்டார். அந்தக் கோணல் கோட்டை அவர் கடைசிவரை தேய்க்கவில்லை.

அவருடைய டேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் நுனித் தகடும் முதல் அங்குலமும் எப்போதோ பிய்ந்துபோயிருந்தன. டேப் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஆளை அளந்து எழுதும்போது ஒன்று கழிக்க வேண்டும். துணியை அளந்து வெட்டும்போது ஒன்று கூட்ட வேண்டும். "வேற டேப் வாங்குங்களேன்" என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். "இது கைக்குப் பழகிடுச்சு" என்பார். அவர் கைக்குப் பழகிவிட்டது, சரி. உதவிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுதும்போது கழித்துவிட்டு வெட்டும்போது கூட்ட மறந்தார்கள். ஒரு அங்குலம் குறைந்த சட்டை, ஒரு அங்குலம் குறைந்த பாவாடை என்று வாரத்துக்கு ஒன்று பிறக்கும். உரியவருக்கு அப்பா ராத்திரி பகலாக வேறு தைத்துக் கொடுத்துவிடுவார். குறைந்ததைப் பிரிக்க மாட்டார். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிடுவார்.

"இதோட ஆளு எங்கேயோ கெளம்பி வந்துக்கிட்டிருக்கு" என்பார்.

அப்படி ஒருமுறை அந்த ஆணியில் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று தொங்கியது. உள்ளே வழவழவென்று நீலத் துணி. எனக்கு அது தொளதொளவென்று இருந்தது, கை நுனி விரலைத் தாண்டித் தொங்கும். நான் வளர்ந்து அதைப் போட்டுக்கொள்வேன் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். அடிக்கடி போட்டு, கண்ணாடியில் பார்த்து, மாட்டிவைப்பேன். ஒருநாள் ஜிப்பு தைக்க வந்த ஒரு குள்ளமான அக்காவின் தோளை அப்பா ஒரு பார்வை பார்த்தார். நேரே போய்க் கோட்டை எடுத்து வந்தார். அந்த அக்காவுக்கு அது கூடவே பிறந்த தோல் மாதிரி பொருந்தியது. நான் மேசைக்கடியில் போய் அழுத அழுகையில் கடைக்கு வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

அப்பாவும் குனிந்தார். "நீ வளந்து அதுக்குள்ள போகணும். அவ வரும்போதே அதுக்குள்ள இருக்கா. யாருக்குக் குடுக்கறது, நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. அவரோடு பேசவும் இல்லை. ரொம்ப நாள்.

அப்பா போன பிறகு தைக்க ஆள் இல்லை. எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே பொறுமை கிடையாது. தம்பி வேறொருவரிடம் கிட்டார் வேலை கற்றிருந்தான், அறை அவனுடையதாயிற்று. ஆளுயரக் கண்ணாடியும் திரை போட்ட ட்ரையல் ரூமும் அப்படியே இருந்தன. கிட்டார் வாங்க வருபவர்கள் பிறர் முன்னால் வாசித்துப் பார்க்கக் கூச்சப்பட்டு அதற்குள் போய்த் திரையை இழுத்துக்கொள்வார்கள். மேசையும் நடுவில் இருந்தது. ஒரு மழையில் கூரை ஒழுகியது, எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பலகையின் பாதி உளுத்து, நடுவில் பிளந்திருந்தது.

"மேசையா இனி நிக்காதுக்கா" என்றான் தம்பி. "உளுத்தது போக ஒரு கிட்டாருக்குத் தேறும்."

அறுத்தான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறொரு மரத்தை அறுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிட்டிருக்கிறேன், இதை என்னால் கேட்க முடியவில்லை.

செய்து முடித்துக் காட்டினான். முன்பக்கம் வழக்கமான வெளிர்மரம். பின்பக்கமும் சுற்றுப்பட்டையும் மேசை. பளபளவென்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுல இருந்த கோடு, ஊசி ஓட்டை எல்லாத்தையும் சீவித் தள்ளிட்டியேடா! இனி இது எந்த மேசையா இருந்தா என்ன?" என்று கத்தினேன். அவன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு தடிமனான தந்தியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினான்.

வாய் நிறைய ஊசியோடு அப்பா முனகினார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் கூத்து. சுருதி கூட்டப் போனவன் முகம் மாறி, இரும்பு ஸ்கேலை எடுத்துத் தந்தி நீளத்தை அளந்தான். மறுபடி அளந்தான். ஒரு அங்குலம் குறைவு! அப்பாவின் மேசையை அப்பாவின் டேப்பால்தான் அளப்பேன் என்று அவனுக்குள் ஒரு வைராக்கியம். அளந்தவன் ஒன்று கூட்ட மறந்துவிட்டான். தையல்காரர் பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் கிட்டார்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபின் அவன் அதைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வித்துடுக்கா" என்றான்.

"என்னது?"

"கட்டையை வாசிச்சுக்கிட்டே இருந்தாத்தான் அதோட நாதம் திறக்கும். தொங்கவிட்டா ஊமையாயிடும். எனக்கு சுருதி பாக்கத் தெரியும், அவ்வளவுதான். உனக்கு அதுவும் தெரியாது."

சரி என்றேன். ஆனால் மனசுக்குள், என் தலை சாய்கிறவரை இது இந்த ஆணியை விட்டு இறங்காது என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஒருமுறை அப்பா என்னிடமிருந்து ஆணியில் தொங்கியதைப் பிடுங்கிக் கொடுத்தார். இன்னொரு முறை அது நடக்காது.

நான் பொய் சொல்லவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் ஆசையாகத் தூக்கினான். "தம்பி, அது ஒரு அங்குலம் குறைவு" என்றேன், வீட்டில் யாருக்கோ தீராத வியாதி என்று சொல்கிற குரலில். கீழே வைத்துவிட்டான். மேடையில் வாசிக்கிற ஒருவர் என்ன மரம் என்று கேட்டார். "மேசை" என்றேன். பிறகு, கூரை ஒழுகியதில் பாதி உளுத்துப்போன கதையையும் விலாவாரியாகச் சொன்னேன். டீச்சர் ஒருத்தி வாசித்துப் பார்த்து விரல் தடுமாறி, கிட்டார் சரியில்லை என்றாள். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல். அன்று மட்டும் நான் அதை ஆமோதித்தேன்.

"எப்படிக்கா எல்லாரும் இதை மட்டும் வேணாங்கறாங்க?" என்றான் தம்பி.

"உள்ளதைச் சொல்றேன்டா. உள்ளதைச் சொன்னா உடம்பெரிச்சல்."

"உள்ளதைச் சொல்றதுலயும் ஒரு தினுசு இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி ஒரு மத்தியான வேளையில் வந்தாள். காக்கிச் சட்டை, அதன் கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். என் தோள் உயரம்கூட இல்லை. இவள் கால் எப்படி பிரேக்குக்கு எட்டுகிறது என்று நான் யோசிப்பதை முகத்திலேயே படித்துவிட்டாள்.

"சீட்டுல மெத்தை போட்டுப்பேன்க்கா" என்றாள். "சின்ன கைக்குக் கிட்டார் இருக்கா? எங்க கேட்டாலும் குழந்தைங்க வாசிக்கிறதை எடுத்துக் காட்டுறாங்க. அதுல சத்தமே வரமாட்டேங்குது. பெருசுல வாசிச்சா விரல் எட்டாம மணிக்கட்டு செத்துப்போகுது."

நான் வேறு நாலைந்தை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக ட்ரையல் ரூமுக்குள் எடுத்துப்போனாள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் திரும்பியபோது கதவு ஆடி, பின்னால் தொங்கியது கண்ணில் பட்டுவிட்டது.

"அது?"

"அது ஒரு அங்குலம் குறைவு" என்றேன், அதே வியாதிக் குரலில்.

"நானும்தான்" என்றாள்.

சிரித்திருக்க வேண்டும். நான் கதவைத் தள்ளி மறைப்பதற்குள் அவளே எட்டி எடுத்துக்கொண்டாள். திரை மூடியது. கொஞ்ச நேரம் தந்தியைத் தடவுகிற சத்தம். பிறகு மெதுவாக ஒரு பாட்டு. எனக்குத் தெரியாத பாட்டு, ஆனால் முனகுகிறவரை எனக்குத் தெரியும். தடுமாற்றமே இல்லை. வைக்க வேண்டிய இடம் எல்லாம் ஏற்கெனவே அவளுக்காகக் காத்திருந்தது போல விரல்கள் ஓடின. தம்பி பின்னறை வாசலில் இழைப்புளியோடு வந்து நின்றான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு வந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "முதல் தடவையாக்கா, வலிக்காம வாசிக்கிறேன்" என்றாள்.

உளுத்த கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவளுக்குக் கொஞ்சம் மெல்லிய தந்தி வேண்டுமாம். தம்பி பழைய தந்திகளைக் கழற்றிக் கிட்டாரை என்னிடம் தந்துவிட்டு, புதியதை எடுக்க உள்ளே போனான்.

தைத்த துணியைக் கொடுப்பதற்கு முன் அப்பா எப்போதும் உள்ளே கைவிட்டுத் தையலோரமாகத் தடவுவார். குண்டூசி எதுவும் தங்கிவிடக்கூடாது. தடவி முடித்து, "ஊசி பாத்தாச்சு" என்பார். அதைச் சொல்லிவிட்டால் துணி இனி கடையுடையது இல்லை. தந்தியில்லாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டிருந்த நான், ஏன் என்று யோசிக்காமலே அந்த வட்டத் துளைக்குள் கையை விட்டேன்.

உள்ளே வழவழப்பே இல்லை. விரல்நுனியில் ஊசி குத்திய ஓட்டைகள் தட்டுப்பட்டன. இன்னும் தள்ளித் தடவினேன். வரிசையாகப் புள்ளிகள், நெளிநெளியாகப் போயின. விரலை அதன்மேலேயே ஓட்டினேன். பாதி வழியில் வெடுக்கென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றன.

தம்பி தந்திச் சுருளோடு எதிரில் நின்றிருந்தான்.

"அடிப்பக்கமாத்தான் சீவினேன்" என்றான். "மேல்பக்கத்தை உள்ளே வச்சுட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கத்துன கத்துல எங்க சொல்றது?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் போயிருப்பாள். மனசு மாறிவிட்டதும்மா, வேறொன்று செய்து தருகிறோம் என்று. என் காது சூடாக இருந்தது, அப்பா இப்போதுதான் விட்டது போல. மடித்துவிட்ட சட்டைக் கையோடு அவள் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாம்பல் கோட்டை நான் பார்த்த அதே பார்வை. ஒரே ஒரு வித்தியாசம். இவள் வளர வேண்டியதில்லை.

கையை வெளியே எடுத்தேன்.

"ஊசி பாத்தாச்சு" என்றேன்.

"ஊசியா?" என்றாள் அவள். தம்பி சட்டென்று குனிந்து தந்தி மாட்ட ஆரம்பித்தான். மாட்டி முடிக்கும்வரை அவன் நிமிரவேயில்லை.

"இது என்ன மரம்க்கா?" என்று போகும்போது கேட்டாள்.

"மேசை மரம்."

"நல்ல மரம்" என்றாள் அவள். வாசலில் நின்று திரும்பினாள். "எங்க டிப்போல இதே மாதிரி கை உள்ளவங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. சொல்லி அனுப்பவா?"

"அனுப்பும்மா."

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டார் அவள் முதுகில் அளவாக உட்கார்ந்திருந்தது. உள்ளே வந்தேன். வெறும் ஆணியைப் பார்த்ததும் அழுகை முட்டியது. மேசைக்கடியில் போய் அழலாம் என்றால் மேசைதான் இல்லை. நின்றபடியே அழுதேன். தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

ரொம்ப நேரம் கழித்து, "அவங்க ரெண்டு பேரும் வந்தா எந்த மரத்துல செய்யறது? மேசை தீந்துபோச்சே" என்றான்.

"எந்த மரமா இருந்தா என்ன" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அப்பா டேப்பாலயே அள. ஒன்னு மட்டும் கூட்டிடாத."