மூன்று மணி நெல்

எண்பத்து நாலாம் வருடத்துத் தை மாதம் முழுக்க, காலையில் கொள்முதலுக்கு வந்த நெல் காய்ந்திருந்தது. மூன்று மணிக்கு மேல் வந்த நெல் ஈரமாக இருந்தது. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நெடுங்காட்டுக்காரர்கள் விடிவதற்குள் வண்டி கட்டப் பழகிவிட்டார்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள் மத்தியானம் வந்து, மூட்டையோடு திரும்பிப் போனார்கள்.

நெடுங்காட்டுத் தையல்நாயகி திரும்பிப் போனது இரண்டு தடவை. இன்று மூன்றாவது. பதினாலு மூட்டையும் கொள்முதல் நிலையத்து வாசலில், வாடகை வண்டியிலேயே இருந்தன. கிளார்க் நீலமேகம் ஒரு கிண்ணம் நெல்லை அள்ளி ஈரம் பார்க்கும் பெட்டிக்குள் அமுக்கி, ஜன்னல் மேடையில் வைத்தார். கரண்டு போனாலும் முள்ளைப் படிக்க அந்த மேற்கு ஜன்னலில்தான் வெளிச்சம் இருக்கும். ஈரம் நூற்றுக்குப் பதினேழுக்குள் இருந்தால் நெல்லை எடுப்பார்கள். முள் பத்தொன்பதில் நின்றது.

“இன்னும் ரெண்டு நாள் காயப்போட்டு எடுத்தாங்கம்மா.”

“இன்னும் எங்கேர்ந்து காயறது? கடிச்சுப் பாருங்க, பல்லு போவுது.”

“பல்லுக்கு நான் என்ன பண்றது? பெட்டி சொல்லுது.”

தையல்நாயகி கிழக்கே பார்த்தாள். கடல் பக்கம் நேற்றிலிருந்தே மேகம் கட்டியிருந்தது. இன்றும் மூட்டை திரும்பிப் போய், ராத்திரி மழையும் பிடித்துக்கொண்டால், நெல் களத்திலேயே முளைத்துவிடும்.

பெட்டியைச் செய்த ஆன்ரி சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் பழக்கத்தில் ஊரார் அவரை ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘மத்தியானத்துல ஒரே சண்டையா இருக்கு, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க’ என்று நீலமேகம் மூன்று தடவை சொல்லியனுப்பிய பிறகு, கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். பார்க்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன்மார் இருவரும் பிரான்சுக்குப் போய்ப் பென்ஷனும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் மட்டும் ஈயம் உருக்கும் புகையில் கண் எரிய, ஊரில் கெட்டுப்போன ரேடியோவையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது.

அப்போது ஒரு லாரி வந்து ஜன்னலை அடைத்தாற்போல நின்றது. பெட்டியின் மேல் நிழல் விழுந்தது. வேறு வேலை இல்லாததால் ஆன்ரி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டரை. பதினெட்டு. டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் பதினேழுக்குக் கீழே இறங்கிவிட்டது. கிண்ணத்தில் அதே நெல். லாரி நகர்ந்தது, வெயில் திரும்பியது, முள்ளும் மெல்ல மெல்ல ஏறியது.

ஆன்ரி எழுந்து போய்ப் பெட்டியின் தகர மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

பெட்டிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள் உண்டு. முதலாவதில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ, அதே அளவை இரண்டாவது அப்படியே பார்த்து நெல்லுக்குள் செலுத்த வேண்டும். தொழிலில் அந்தச் சோடிக்குக் கண்ணாடி என்று பெயர். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்று முப்பது டிரான்சிஸ்டர்களைச் சோதித்து, அச்சு அசலான இரட்டையரைப் பொறுக்கியிருந்தார். ஆனால் முதலாவது தகர மூடிக்கு அடியிலேயே இருந்தது. வெயிலில் தகரம் சுட்டால் அது மட்டும் சூடேறும். இரண்டாவது குறைவாகச் செலுத்தும். ஈர நெல்லில் குறைவது போலவே நெல்லின் குறுக்கே மின்னழுத்தம் குறையும் என்பதால், காய்ந்த நெல்லையும் முள் ஈரம் என்று சொல்லும்.

இதற்கு மருந்து அவருக்குத் தெரியாததல்ல. இரண்டின் காலிலும் ஒரே அளவில் ஆளுக்கொரு ரெசிஸ்டரைக் கோர்த்தால் போதும். சூட்டினால் வரும் சின்ன வித்தியாசம் அந்தத் தடைக்கு முன்னால் எடுபடாது. முதலில் போட்ட வரைபடத்தில் அவை இருந்தன. ஆனால் ரெசிஸ்டர் பாட்டரியிலிருந்து கொஞ்சம் பலத்தைத் தின்னும். பாட்டரி சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். ‘ஒரு செட்டுல அறுவடை முழுக்க ஓடணும்’ என்று மேலிடத்தில் சொன்னார்கள். இரட்டையரை நம்பி அவர்தான் இரண்டையும் எடுத்துவிட்டார்.

“நீலமேகம், மூடியைக் கழட்டறேன். அரை மணி ஆவும்.”

“வரிசை நிக்குது முசியே. நாளைக்கு வச்சுக்கலாமே?”

“நாளைக்கு மழை வந்துடும்.”

பையில் இருந்ததில் ஒத்த இரண்டு ரெசிஸ்டரைத் தேடி எடுத்து, குனிந்து பற்றவைத்தார். மூடியைப் பூட்டி, அதே வெயிலில், அதே கிண்ணத்தோடு வைத்தார். தகரம் கை வைக்க முடியாதபடி சுடும்வரை காத்திருந்தார். முள் பதினாறரையில் அசையாமல் கிடந்தது.

“இறக்குங்கம்மா மூட்டைய,” என்றார் நீலமேகம்.

தையல்நாயகி நகரவில்லை. “அப்ப போன வாரம் திருப்புனீங்களே, அது?”

நீலமேகம் ஆன்ரியின் முழங்கையைத் தொட்டு, “பாட்டரி வீக்குன்னு சொல்லிடுங்க” என்று முணுமுணுத்தார். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

“அன்னைக்கும் உங்க நெல்லு காஞ்சுதான்மா இருந்துருக்கும்,” என்றார் ஆன்ரி. “பெட்டிதான் தப்பு. வெயில் பட்டா தப்பாக் காட்டிருக்கு. செஞ்சது நான்.”

“ரெண்டு தடவை கொட்டி அள்ளுனேன், தம்பி. ஒத்தப் பொம்பளை.” குரலில் கோபம்கூட இல்லை. “நானாவது தேவல. எங்க தெரு செல்லம், ரெண்டாந்தடவை திருப்புனதும் வந்த வெலைக்கு வெளி வியாபாரிகிட்ட தள்ளிட்டா.”

அவள் மூட்டைகளை இறக்கப் போனாள். இனி வெயில் பட வேண்டாமென்று பெட்டியை நிழலுக்கு நகர்த்தப் போனார் நீலமேகம்.

“அங்கேயே இருக்கட்டும்,” என்றார் ஆன்ரி. “பாட்டரிய மட்டும் மாசா மாசம் மாத்துங்க. பழசாப் போனா காஞ்ச நெல்லை மறுபடியும் ஈரம்னு சொல்லும்.”

“மாசத்துக்கு ஒண்ணா? எழுதிக் கேட்டா தருவாங்கன்னு நெனைக்கறீங்களா?”

“கேளுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்.”

வரிசையிலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்தார். “செவ்வாக்கிழமை சாயங்காலம் என்னதையும் திருப்புனாங்களே, சார். அதுவுமா?”

“எத்தனை மணிக்குங்க?”

“நாலு இருக்கும்.”

“அதுவுந்தான்.”

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வாயைத் திறந்தார். ஆன்ரி பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டார். வரிசை தீர்ந்ததும் செல்லத்தின் வீட்டுக்கு வேறு போக வேண்டும். நெடுங்காட்டுக்குச் சைக்கிளில் முக்கால் மணி நேரமாவது ஆகும்.