ஷட்டருக்குள்ளே சகாயசெல்வி

திண்டிவனத்தில் எங்கள் கடைத்தெருவுக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு ஜீப் படம் வரும். உடனே மொத்தத் தெருவும் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். சுத்தமாக வைத்திருப்பவரும் பூட்டுவார், நாறப்போட்டிருப்பவரும் பூட்டுவார். பழச்சாறு விற்கும் நானும் அதில் சேர்த்திதான்.

சகாயசெல்விக்கு மட்டும் அதிகாரி வந்தே ஆகவேண்டும். சோதனைச் சான்று காட்டினால், நர்சிங் கல்லூரி விடுதிக்குச் சமைத்துப் போடும் வேலை அவளுடைய மெஸ்ஸுக்குத்தான். அதற்கு ஒரு கெடுவும் வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார்களே என்று தினமும் விடியலிலேயே சமையலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள்.

கெடு முடிவதற்கு முதல் நாள் காலை ஜீப் படம் வந்தது. கல்லாவில் இருந்த அவள் கணவர் அந்தோணி பிரபு, பழக்க தோஷத்தில் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு எங்களிடம் ஓடிவந்தார். மனைவி உள்ளே சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தது அந்த மகானுக்கு நினைவில்லை!

அதிகாரி அஸ்வினி இறங்கினார். வரிசையாகப் பூட்டுகளைப் பார்த்துவிட்டு மறுபடி ஜீப்பில் ஏறப்போனார். அப்போது ஷட்டரில் கரண்டி அடிக்கும் சத்தம்.

"மேடம், ஜீப் சத்தம் கேட்டுது, போயிடாதீங்க! உள்ளதான் இருக்கேன், வந்து செக் பண்ணுங்க! யோவ், சாவிய எடுத்தாய்யா!"

எங்கள் கடைக்காரர் சங்கத் தலைவர் பாண்டுரங்கன் அந்தோணி பிரபுவின் சட்டையைப் பிடித்தார். "போவாத. நீ தொறந்தா எல்லாரையும் தொறக்கச் சொல்வாங்க, பேஜாரு."

"தொறக்கலன்னா நான் வீட்டுக்குப் போவ முடியாதுண்ணே" என்று உதறிக்கொண்டு ஓடினார்.

அஸ்வினி எண்ணெயைச் சோதித்தார், தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்தார். குப்பைக்கூடைக்கு மூடி இல்லை என்று கண்டித்தார். சகாயசெல்வி ஒரு தாம்பாளத்தை அதன்மேல் கவிழ்த்துப் பார்த்தாள். "இது செல்லாதுங்க" என்றார் அஸ்வினி. அந்தோணி பிரபு ஜல்தியாகப் போய் மூடிபோட்ட கூடை வாங்கிவந்தார். அப்புறம் போனுக்கே சான்று வந்தது. சகாயசெல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

கிளம்பும்போது அஸ்வினி தயங்கினார். "இட்லி இருக்குங்களா? காசு வாங்கிக்கணும். ரெண்டு வருஷமா வர்றேன். எங்களப் பாத்ததும் தெருவே மூடிக்குது. ஒரு நாள்கூட இங்க சாப்பிட்டதில்ல."

நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சகாயசெல்வி இலை போட்டாள்.

மூன்றாவது இட்லிக்கு அவர் சட்னி கேட்டபோது, பாண்டுரங்கனின் ஷட்டர் கடகடவென்று ஏறியது.

"மேடம், அடுத்து நம்ம கடைக்கு வாங்க. மெதுவா சாப்பிடுங்க, அதுக்குள்ள கழுவிக்கினு வந்துடறேன்!"