வராத மெஷினின் எடை

வலது கையைத் தலையில் வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றால், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எந்த ஓட்டலிலும் இனி எனக்குக் காப்பி ஆறிப்போய்த்தான் வரட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவில்லை. சில இடங்களில் நம்ப மாட்டீர்கள் என்று குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தாராவியில் விஜயராணிக்குச் சொந்தமாக ஒரு கடை உண்டு. பக்கத்து அறையில் அவளே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கடையின் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் அபுதாஹிர், அந்தப் பக்கம் ஷாகிர். இரண்டு பேருக்கும் பூர்வீகம் கடையநல்லூர். அபுதாஹிரின் தங்கை சாயிமாவைத்தான் ஷாகிர் கட்டியிருந்தான். ஆக, மச்சான்கள். இரண்டு பேரும் நடத்தியது வீடியோ கேம் கடை. ஒருவரை ஒருவர் வெறுக்க இதற்கு மேல் காரணம் தேவையில்லை. ஆனாலும் ஒன்று இருந்தது. அபுதாஹிர் கம்ப்யூட்டர் கட்சி, ஷாகிர் டீவியில் மாட்டி விளையாடும் கன்சோல் கட்சி.

அபுதாஹிரின் கம்ப்யூட்டர், கடையில் வாங்கியதல்ல, அவனே பூட்டியது. மாதம் ஒரு பாகம் மாற்றுவான். கடைசியாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டு பெட்டிக்குள் அடங்கவில்லை. பெட்டியை அறுத்தான். அப்படியும் அடங்காமல் அதன் முனை பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு ஷாகிர் பக்கம் நாலு விரற்கடை எட்டிப் பார்த்தது. மெஷினைப் போட்டால் மூன்று சந்துக்கு விளக்கு மங்கும். சுவரில் இருந்த பழைய சக்கர மீட்டர் சுற்றிய வேகத்தில் கிளம்பிய காற்றுக்கு, எதிரே தொங்கிய காலண்டர் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குப் போய்விட்டது. என் கண்ணால் பார்த்தேன். மே மாதத் தாளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டிப் பார்த்த முனையில் ஷாகிர் துண்டு காயப்போட்டான். பத்து நிமிஷத்தில் காய்ந்தது. அதற்கு நன்றி சொன்னானா? தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "மச்சான், ஒம்ம சாமான் என் எடத்துக்குள்ள நொழஞ்சிருக்கு. ஒண்ணு வாடக கட்டும், இல்ல முனைய வெட்டும்" என்றான்.

"ஒன் எடத்துல அது ஒண்ணுதாம்ல மெஷினு. அதையும் வெட்டிட்டா நீ என்னத்த வச்சுக் கட நடத்துவ?" என்றான் அபுதாஹிர்.

அது உண்மை. ஷாகிரிடம் மெஷின் கிடையாது. அடுத்த தலைமுறை கன்சோல் வரப்போகிறது என்று போனில் எதையோ படித்துவிட்டு, இருந்த இரண்டு கன்சோலையும் விற்றுவிட்டான். புதுசு வரப்போகிறபோது பழசில் விளையாடுகிறவன் மடையன் என்பது அவன் கொள்கை. கடையில் மிச்சம் ஒரு பெரிய டீவி, இரண்டு கன்ட்ரோலர், ஒரு நாற்காலி. டீவியைப் போடவும் மாட்டான். வருகிறவர்கள் கன்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார வேண்டும். பக்கத்தில் நின்று ஷாகிர், வரப்போகும் மெஷின் எப்படி இருக்கும் என்று சொல்வான். அரை மணி நேரம் சொல்வான்.

"லோடிங்கே கெடையாது பாய். நீங்க நெனைக்கிறதுக்கு முந்தி ஆட்டம் ஆரம்பிச்சிரும். மழ பெய்ஞ்சா ஒவ்வொரு துளியிலயும் ஒங்க மூஞ்சி தெரியும். ஒங்க மூஞ்சி புடிக்கலன்னா மாத்திக்கலாம்."

முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் தோல் பட்டறை ஆட்களின் வரிசை அறுபதடி ரோட்டைத் தாண்டியது. வரிசையில் நின்ற ஒருவருக்கு அங்கேயே பெண் பார்த்து, நிச்சயமும் ஆனது. நான் மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது முறை இரண்டு கட்டம் ஜெயித்தேன்.

அபுதாஹிருக்கு வயிறு எரிந்தது. அவன் கடையில் உண்மையான படம் ஓடியது, உண்மையான குண்டு வெடித்தது, ஆனால் வந்தவர்கள் வேர்த்து விறுவிறுத்து அரை மணியில் எழுந்து போனார்கள்.

"படைச்சவனுக்குப் பயப்பட வேண்டாமால? வெறும் டீவியக் காட்டி ஊர ஏமாத்துறியே!" என்று தடுப்பை உதைத்தான்.

"ஒம்ம மெஷின்ல படமும் வருது, வேர்வையும் வருது. என் மெஷின்ல வேர்வயே கெடையாது."

"ஒனக்கு மெஷினே கெடையாதுல!"

"வரும்."

"எப்ப?"

"கம்பெனிக்காரன் சொல்லல. சொல்லாம வச்சிருக்கான்னா எவ்வளவு பெருசா இருக்கும்னு பாத்துக்கிடும்."

இப்படியே போயிருந்தால் நான் எழுத ஒன்றுமில்லை. மே மாதக் கடைசியில் விஜயராணி இரண்டு புது கிரைண்டருக்கு ஆர்டர் கொடுத்தாள். வைக்க இடம் வேண்டும். மாவுக் கையோடு வந்து இரண்டு பேர் நடுவிலும் நின்றாள்.

"இந்தா பாருங்க. ஒண்ணாந்தேதி கிரைண்டர் வருது. தடுப்ப எடுக்கப் போறேன். பாதிக் கட எனக்கு, பாதி ஒங்கள்ல ஒருத்தருக்கு. எந்த மெஷினு ஒசத்தின்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க. தோத்தவன் அன்னிக்கே காலி பண்ணணும். பிறகு அக்கா சொக்கான்னு வந்து நின்னா மாவுக் கரண்டியாலதான் பேசுவேன்."

இரண்டு பேருக்குமே வேறு போக்கிடம் இல்லை. விளக்கு மங்குகிறது என்று அபுதாஹிரை ஏற்கெனவே நாலு சந்தில் துரத்தியிருந்தார்கள். இல்லாத மெஷினுக்குக் கடை வாடகைக்குக் கொடுக்க விஜயராணியைத் தவிர ஆளில்லை. இந்த இடம் போனால் போனதுதான். சாயிமா வந்து சமாதானம் பேசினாள்.

"ஒரு சட்டியில சோறு திங்கிறவங்களுக்கு ஒரு கடையில ஒக்கார முடியலியா? தூத்தேறி!"

"இவரு போட்ட சோத்த நான் எப்ப தின்னேன்?" என்றான் ஷாகிர்.

"எங்க வாப்பா குடுத்த சட்டிலதாம்ல தின்ன!" என்றான் அபுதாஹிர். சமாதானம் அத்துடன் முடிந்தது.

யார் தீர்ப்புச் சொல்வது? விளையாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கட்சி. விளையாடவே தெரியாத, ஆனால் மெஷினின் உள் தெரிந்த ஆள் வேண்டும். பங்கார்க் கடை வானமாமலையை நான்தான் சொன்னேன். இரண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

வானமாமலை நாற்பது வருஷமாகப் பழைய சாமான் வாங்கி உடைத்து விற்கிறவர். ஃபிரிட்ஜைப் பார்த்தால் அவருக்குக் குளிர் தெரியாது, செம்பு தெரியும். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அலுமினியம் கம்மி" என்று சம்பந்தியிடம் சொன்னவர். பங்கார்ச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. தராசுத் தட்டில் பொருள் இருக்கும்போது, அதற்குச் சொந்தக்காரன் வாயிலிருந்து 'பிரி' என்று வந்துவிட்டால், பிரித்தே ஆக வேண்டும். போலீஸ் வந்து நின்றாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்தத் தராசில் பிறகு யாரும் எடை போட மாட்டார்கள்.

முப்பதாம் தேதி காலை, அபுதாஹிர் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் கைவண்டியில் வானமாமலை கடைக்குக் கொண்டுவந்தான். தராசுத் தட்டில் ஏற்றினார்கள். தட்டுக்கு அடியில் தரை கொஞ்சம் இறங்கியது.

"பதினேழு கிலோ முந்நூறு" என்றார் வானமாமலை. "நல்ல சரக்கு."

"நூத்தி இருவது ஃபிரேம் ஓடும் அண்ணாச்சி" என்றான் அபுதாஹிர்.

"அது எந்த ஒலோகம்?"

ஷாகிர் வேலியில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, அது சும்மா ஒட்டுப்போட்ட சாமான். மூணு எடத்துல கயிறு கட்டிருக்காரு. ஒரு ஸ்குரூவக் கழத்தினா பொலபொலன்னு கொட்டிரும். பிறகு இவரு வாப்பா வந்தாலும் சேக்க முடியாது."

"வாப்பா பேச்சு எதுக்குல இழுக்க?"

"சேக்க முடியுமா முடியாதா? அதச் சொல்லும்."

அபுதாஹிரின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவனிடம், இறங்கி வந்து பேசு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அப்போது டீ வந்தது.

"ஒன் கன்சோலத்தாம்ல தொறந்தா கெட்டுப்போகும்!" என்று அபுதாஹிர் கத்தினான். "கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புவான், நீ பொத்திக்கிட்டு விளையாடணும். ஒண்ணு போனா மொத்தமும் குப்ப. பிசி அப்பிடியா? அதோட பெருமையே பிரிக்கிறதுலதான் இருக்கு. நூறு துண்டாக்குனாலும் நான் திரும்பப் பூட்டுவேன். இவன் கண்ணு முன்னால பூட்டுவேன். பிரிங்க அண்ணாச்சி! நல்லாப் பிரிங்க!"

சந்தில் சுத்தியல் சத்தம் எல்லாம் நின்றது. தூரத்தில் ஒரு கோழி என்னவோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டது. அபுதாஹிர் தன் வாயைப் பொத்திக்கொண்டான். நேரம் கடந்துவிட்டது.

வானமாமலைக்குப் பதினோரு நிமிஷம் பிடித்தது. ஸ்குரூ டிரைவரை அவர் தொடவே இல்லை. உளி, சுத்தியல், ஊதுபத்தி மாதிரி ஒரு சின்ன நெருப்பு. செம்பு ஒரு குவியல், அலுமினியம் ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியல், பச்சைத் தகட்டுத் தூள் ஒரு குவியல். விசிறியில் ஒட்டியிருந்த தூசியைக்கூடத் தனியாகத் தட்டிப் பொட்டலம் கட்டினார்.

"ம். பூட்டும் தம்பி" என்றார்.

அபுதாஹிர் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்தான். செம்பை எடுத்து அலுமினியத்தின் மேல் வைத்துப் பார்த்தான். திரும்ப எடுத்தான். மத்தியானம் வரை அவ்வளவுதான் செய்தான். யாரும் சிரிக்கவில்லை. ஷாகிர் மட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"அடுத்த மெஷினு" என்றார் வானமாமலை.

ஷாகிர் காலித் தட்டின் அருகே வந்து, மேலே எதையோ பதனமாக வைப்பதுபோல் கையை விரித்து எடுத்தான். "இதான் அண்ணாச்சி. வர்ற மெஷினு."

வானமாமலை குனிந்து முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "எட சைபர்" என்றார்.

"பாத்தீங்களா! சைபர்!" அபுதாஹிர் துள்ளி எழுந்தான். "என்னோடது பதினேழு கிலோ! ஜெயிச்சாச்சு!"

"இரியும்வே. நான் கழிவு பாக்கணும்." வானமாமலை விரல் விட்டு எண்ணினார். "ஒம்மதுல பதினேழு கிலோ முந்நூறு. அதுல பிளாஸ்டிக், தூசி, தகரம்னு ஒம்போது கிலோ ஒண்ணுக்கும் ஒதவாது. பாதிக்கு மேல கழிவு. இவன் மெஷின்ல கழிவு எவ்வளவு? ஒரு கிராம் கெடையாது. என் சர்வீசுல கழிவே இல்லாத மெஷின நான் பாத்ததில்ல. இதான் ஒசத்தி."

"அண்ணாச்சி, அங்க ஒண்ணுமே இல்லியே!"

"அதான் சொல்லுதேன்."

விஜயராணி கேட்டுவிட்டு, தீர்ப்பு தீர்ப்புதான் என்று சொல்லிவிட்டாள். ஒன்றாம் தேதி அபுதாஹிர் நாலு சாக்கோடு கடையைக் காலி செய்தான். ஷாகிர் வாசலில் நின்று, "மச்சான், தூசிப் பொட்டலத்த மறந்துட்டீரே" என்று அதை எறிந்தான். அது அபுதாஹிரின் நெஞ்சில் பட்டுச் சிதறியது. அவன் துடைக்கவில்லை. அப்படியே போனான்.

மறுநாள் ஷாகிர் கடைக்கு வழக்கம்போல் கூட்டம் வந்தது. கன்ட்ரோலரைப் பிடித்து உட்கார்ந்தார்கள். ஷாகிர் மழைத்துளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். ஐந்து நிமிஷத்தில் முதல் ஆள் எழுந்தான். "டீவி கறுப்பா இருக்கே பாய்" என்றான். இரண்டாவது ஆள் கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்து, இது எதிலும் மாட்டவில்லையே என்றான். அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. இத்தனை நாளும் தடுப்புக்கு அந்தப் பக்கம் அபுதாஹிரின் கம்ப்யூட்டர் போட்ட குண்டுச் சத்தத்தையும் கார் உறுமலையும் கேட்டுக்கொண்டுதான் இவர்கள் கறுப்புத் திரையில் படம் பார்த்திருக்கிறார்கள். சத்தம் போனதும் திரை வெறும் திரையாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வரிசை கரைந்தது. நிச்சயமான அந்தக் கல்யாணம்கூட நின்றுபோனது.

ஷாகிர் வேறு வழியில்லாமல் சுனாபட்டிக்குப் போய், ஒரு அறையில் சாக்குகளோடு கிடந்த அபுதாஹிரைப் பார்த்தான். நானும் கூடப் போனேன். இதைத் தவறவிட மனமில்லை.

"மச்சான், பழசப் பேச வேண்டாம். வந்து அந்தப் பக்கம் ஒக்காரும். விஜயராணிட்ட நான் சொல்லிக்கிடுதேன். மெஷினு கூட வேண்டாம், ஒரு ஸ்பீக்கர் போதும்."

அபுதாஹிர் படுத்தபடியே அவனைப் பார்த்தான். "எதுக்கு?"

"சத்தத்துக்கு."

"சத்தம் வேணும்னா வர்ற மெஷின்ட்ட கேளுல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீரு இப்பிடியே கெடந்து அழுகிப் போவீரு."

"அழுகினாலும் ஒனக்கு மணக்க மாட்டேம்ல. கதவச் சாத்திட்டுப் போ."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. பத்தாம் தேதி விஜயராணி மூன்றாவது கிரைண்டரும் வாங்கி, ஷாகிரின் நாற்காலியைத் தெருவில் போட்டாள். இப்போது கடை முழுக்க மாவுதான். இட்லி பூப்போல வருகிறது என்கிறார்கள்.

நான் மாட்டுங்காவில் இருப்பவன். தாராவிக்குள் நான் கடைசியாகக் கால் வைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில்.