பத்து பலூனும் ஒரு துண்டும்

'டாக்டர் என்னைப் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்' என்று சிலேட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்பு டீச்சர் வகுப்பறைக்குள் நுழைந்தாள். நுழைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை என்று. முப்பது பிள்ளைகளும் சிலேட்டையே பார்த்தார்கள். முன் வரிசையில் பல் விழுந்த பெண்ணொருத்தி, "படம் போடலையா மிஸ்?" என்று கேட்டாள். பத்தொன்பது வருஷமாக இந்த வயதுப் பிள்ளைகளோடு மாரடிக்கிறவள் செய்கிற காரியமா இது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைகளும் அது புது விளையாட்டு போல என்று தங்கள் தங்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

தொண்டை ஒரு நாளில் கெட்டுப்போகவில்லை. முதலில் சாயங்காலம் மட்டும் கம்மியது, பிறகு மதியமே கம்மியது, பிறகு ஒருநாள் காலை வணக்கம் சொல்லும்போதே வெறும் காற்றுதான் வந்தது. காது மூக்குத் தொண்டை டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல காய்ப்பு விழுந்திருக்கும்மா. உள்ளங்கைல காய்க்குமே, அது மாதிரிதான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவன் லிப்ட் மெக்கானிக். கம்பியும் ஸ்பேனரும் பிடித்துப் பிடித்து அங்கே காய்த்திருந்ததெல்லாம் இந்த ஜன்மத்தில் கரைகிற மாதிரி தெரியவில்லை. "நாலு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் கூடாது, அது இன்னும் மோசம். நாலு வாரம் முடிஞ்சு இங்க வர்ற அன்னிக்குக் காலைல மெதுவா ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. எப்படி வந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க. கரையலேன்னா ஆபரேஷன்தான். பண்ணா பழைய குரலே வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

தலைமையாசிரியை நல்ல மனுஷிதான். லீவு போட்டுக்கொள்ளச் சொன்னார். லீவு போட்டால் பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பக்கத்து இரண்டு வகுப்புகளில் சேர்த்துவிடுவார்கள். கேட்டில் அம்மாவின் கையை விடமாட்டேன் என்று அழுத பிள்ளைகள் போன வாரம்தான் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். சாப்பாட்டு டப்பாவை யார் திறந்து தர வேண்டும், யாருக்குத் திறந்து தந்தால் கோபம் வரும் என்பதெல்லாம் இப்போதுதான் அவளுக்கு அத்துப்படியாகியிருந்தது. அவள் சிலேட்டை அழித்துவிட்டு எழுதினாள்: 'வீடியோ, ஆடியோ போட்டுச் சமாளிக்கிறேன். நெட்டில் எல்லாம் இருக்கிறது.' தலைமையாசிரியை கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அதைப் படித்தார். "சரி, தேடிப் பாருங்க. திங்கக்கிழமை நான் வந்து உக்காருவேன். ஓடலேன்னா பிரிச்சுடுவேன், என் மேல வருத்தப்படக் கூடாது."

நெட்டில் எல்லாம் இருக்கத்தான் செய்தது. அதுதான் தொந்தரவு. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் கழுத்திலிருந்து சிலேட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேட வேண்டியதை எழுதிக் காட்டுவாள். அவன் ஒற்றை விரலால் தட்டுவான். அவளே தட்டியிருக்கலாம். ஆனால் வாயை மூடிக்கொண்டு தனியாக ஒரு வேலையைச் செய்வது அவளுக்குப் பழக்கமில்லை. ஆசிரியர்களுக்கென்றே நடத்துகிற தளங்கள் கணக்கில்லாமல் இருந்தன. ஒன்றில் முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மீதிக்கு உறுப்பினராகச் சொன்னார்கள். ஒன்றில் பயிற்சித்தாள்கள் அழகாக இருந்தன, ஆனால் 'மாதிரி' என்று குறுக்கே அச்சடித்திருந்ததில் ஆப்பிளெல்லாம் பாதிப் பாதியாகத் தெரிந்தன. இன்னொன்று உள்ளே விடும் முன் நீங்கள் மனிதர்தானா என்று கேட்டு, படிக்கட்டு உள்ள படங்களையெல்லாம் காட்டச் சொன்னது. "நான் லிப்டுக்காரன், என்கிட்ட போய்ப் படிக்கட்டக் கேக்குறான் பாரு" என்றான் அவன். வாய்விட்டுச் சிரிக்கவும் டாக்டர் தடை போட்டிருந்தார், அதனால் அவள் மேஜையைத் தட்டினாள்.

வீடியோக்களுக்கு அவள் சிலேட்டில் மதிப்பெண் போட்டாள். ஒரு பெண்மணி கழித்தல் கணக்கை ரயிலைப் பிடிக்கப் போகிற அவசரத்தில் சொல்லி முடித்தார். இரண்டு. ஒருவர் பிள்ளைகளைப் பார்க்காமல் தன் பேனாவையே பார்த்துப் பேசினார். ஒன்றரை. ஒரு பொம்மைக் கரடி, கேள்வி கேட்ட அடுத்த நொடியே பதிலையும் தானே சொல்லிவிட்டுக் கைதட்டிக்கொண்டது. அவள் முட்டை போட்டாள். "பாவம்மா, கரடி இவ்வளவு ஆடியிருக்கு. ஒரு மார்க்காவது போடு" என்றான். அவள் போடவில்லை. கேள்வி கேட்டால் பிள்ளை யோசிக்க இடம் விட வேண்டாமா? விரலை மடக்கி, தப்பாக மடக்கி, மறுபடி நீட்டி, பக்கத்துப் பையனின் விரலையும் எட்டிப் பார்த்துக்கொள்ள நேரம் தர வேண்டாமா? அவ்வளவு நேரம் சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் யாருமே அந்த நெட்டில் இல்லையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தையும் எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது, எழுதி முடிப்பதற்குள் அது பாதி ஆறிவிட்டது.

காபி போட எழுந்தவளை அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "இரு, இதையும் பாத்துட்டுப் போ. ஆசிரியருங்களே ஏத்துற தளமாம். ஆடியோ மட்டும்தான், படம் இல்ல. ரொம்பப் பேர் எடுத்திருக்காங்க." 'பத்து பலூன் கதை' என்று போட்டிருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில்: 'பேசுகிறவர் யாரென்று தெரியவில்லை. பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஒரு பெற்றோர் குழுவிலிருந்து சுற்றி வந்தது. இந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.' அவன் அமுக்கினான்.

"ஒரு ஊர்ல ஒரு பலூன்காரர் இருந்தாராம்" என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்தது. தெளிவாக, அவசரமில்லாமல், கேட்கிறவர்களின் தலையைத் தடவுகிற மாதிரி ஒரு குரல். எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பலூன்காரரிடம் பத்து பலூன் இருந்தது. காற்று அடித்தது. மூன்று பறந்துபோய்விட்டது. "இப்ப மீதி எத்தனை இருக்கும்? விரல மடக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் நிறுத்தியது. அவசரப்படாமல் காத்திருந்தது. அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம் லேசாகக் கேட்டது. அப்போது எங்கோ உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "ஏம்மா, துண்டு எங்க?" என்று கத்தியது. கதை சொன்ன குரல் கொஞ்சமும் பதறாமல், அதே கதைக் குரலில், "கொடியில இருக்கு. அத விடுங்க, மீதி எத்தனை பலூன்?" என்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அடிப்பாவி, துண்டு கேக்குறது நான்தானே" என்றான் அவன்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் தினம் ஒரு கதையைப் போனில் பேசிப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் சத்தமில்லாத இடம் சமையலறைதான் என்று நம்பி அங்கே நின்று பேசினாள். பலூன் கதை சொன்ன அன்று மட்டும் ஐந்தாறு முறை தப்பாகி, மறுபடி மறுபடி முதலிலிருந்து சொல்லியிருந்தாள். இனி ஒருமுறை முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லாமல்தான் துண்டுக்கும் கதையோடு கதையாகப் பதில் சொல்லிவிட்டு அனுப்பிவிட்டாள். பிறகு அந்தப் போன் தண்ணீரில் விழுந்தது, கதைகளும் போயின. தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்பட்டு ஒன்றைக்கூட அவள் திருப்பிக் கேட்டதில்லை. இப்போது பார்த்தால் அந்தத் தளத்தில் வரிசையாக எல்லாம் இருந்தன: மூட்டை தூக்கிய எறும்பு, பல் விழுந்த முதலை, வழி தெரியாத பஸ்.

அவன் கீழே வந்திருந்த கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தான். "எங்க பிள்ளைங்க ஏழுன்னு சொல்றதுக்கு முன்னாடி கொடியிலன்னு கத்துறாங்க." "துண்டு மாமா வர்ற வரைக்கும் என் கிளாஸ்ல ஊசி விழுந்தா கேக்கும்." "துண்டு மாமாவுக்குத் துண்டு கிடைச்சுதா, தயவுசெய்து யாராவது சொல்லுங்க, என் பொண்ணு தூங்க மாட்டேங்குறா." அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஊர் உலகமெல்லாம் நான் துண்டில்லாம நின்னது தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல" என்று அவள் பக்கம் திரும்பினான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தக் குரல் மேல் ஆசையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டா இத்தனை நாள் 'உக்காரு', 'தள்ளாத', 'மூக்கத் தொடச்சுக்கோ' என்று கத்திக்கொண்டிருந்தோம் என்று துக்கமாக வந்தது. சிலேட்டில் எழுதினாள்: 'என் குரல் இப்படியா இருந்தது?' அவன் அதைப் படித்தான். "இப்படித்தான் இருந்துச்சு. நான் தினம் கேட்டேன். நீதான் கேட்டதில்ல" என்றான். பிறகு எழுந்துபோய் காபியை அவனே போட்டான். சர்க்கரை அதிகம். அவள் மதிப்பெண் எதுவும் போடாமல் குடித்தாள்.

துண்டு கேட்ட பெண்குழந்தைக்கு மட்டும் அவன் பதில் தட்டினான்: 'துண்டு கிடைத்து விட்டது பாப்பா, தூங்கு. இப்படிக்குத் துண்டு மாமா.' கதை சொன்ன அம்மா யார் என்றும் எழுதட்டுமா என்று கேட்டதற்கு அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கடைசிப் பெஞ்சில், முழங்கால் இடிக்க, உட்கார்ந்துகொண்டார். டீச்சர் சின்ன ஸ்பீக்கரை மேஜை மேல் வைத்து அமுக்கினாள். குரல் வந்ததும் பிள்ளைகள் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள், பிறகு மூடியிருந்த அவள் வாயைப் பார்த்தார்கள், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். அவள் சுவரில் பத்து பலூன் ஒட்டியிருந்தாள். காற்று அடித்தபோது கையை வீசி மூன்றைப் பிய்த்தெடுத்தாள். விரல்கள் மடங்கின. துண்டுச் சத்தம் வந்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, கடைசிப் பெஞ்சிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. "ஏழு" என்று யாரோ சொல்ல, "ஏழு, ஏழு" என்று அறை நிரம்பியது. பல் விழுந்த பெண் எழுந்து வந்து ஸ்பீக்கரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "மிஸ், உங்க கொரலு இந்தப் பெட்டிக்குள்ள போயிடுச்சா?" டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினாள். "திரும்பி வருமா?"

பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை என்று அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. உண்மையும் அவளுக்குத் தெரியாது. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அமுக்கிக் காட்டினாள். அந்த வகுப்பில் அதற்குப் 'பொறு' என்று அர்த்தம். அந்தப் பெண் அதே மாதிரி கையைக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் தலைமையாசிரியை, "பிரிக்கலம்மா. நாலு வாரத்துக்குக் கதை இருக்குல்ல?" என்றார். இரண்டடி போய்த் திரும்பி நின்றார். "அதுக்கப்புறம் என்னன்னு இப்ப கேக்க மாட்டேன். ஆமா, அந்தத் துண்டு மாமா யாரு?" டீச்சருக்கு முகம் சிவந்துபோனது. சிலேட்டில் எழுத இடமிருந்தும் அவள் எழுதவில்லை.

நாலு வாரமும் கதைகள் ஓடின. வகுப்பே மெல்லப் பேசப் பழகிக்கொண்டது, ஏனென்று யாரும் சொல்லித் தரவில்லை. தளத்தில் துண்டு மாமாவின் பதிலைப் பார்த்துவிட்டு எங்கெங்கோ இருந்த டீச்சர்கள் கேள்வி மேல் கேள்வி போட்டிருந்தார்கள். அம்மா எப்படி இருக்கிறார், புதுக் கதை எப்போது வரும் என்று. தினமும் அவன் அதைத் திறந்து பார்ப்பான், விரலை வைப்பான், ஒன்றும் தட்டாமல் மூடிவிடுவான். அவளும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

டாக்டரிடம் போக வேண்டிய நாள் விடிந்தது. ஒரே ஒரு வார்த்தை, மெதுவாக. எந்த வார்த்தை என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. எழுந்தாள், பாலைக் காய்ச்சினாள், மேஜையைத் துடைத்தாள், துடைத்த மேஜையை மறுபடி துடைத்தாள். வாயைத் திறந்தால் அந்த வெறும் காற்று வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. சொல்லாத வரைக்கும் குரல் உள்ளே பத்திரமாக இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. அவன் அவளைப் பார்த்தான். கொடியிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான். துண்டோடு போனதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளியில் தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவன் கத்தினான்.

"ஏம்மா, துண்டு எங்க?"

அவள் கையிலிருந்த துணியை வைத்தாள். பால்கனியில் கொடி காலியாக இருந்தது, கிளிப்புகள் மட்டும் காற்றில் லேசாக ஆடின. குளியலறைக் கதவுக்கு அருகே போய் நின்றாள். கதையின் நடுவில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த அந்தக் குரலைப் போலவே அவனும் இரண்டாவது முறை கூப்பிடாமல் காத்திருந்தான். அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது.