கோடு விழுந்த மூக்குக்கண்ணாடி

நாட்டை மூன்று தலைமுறை ஆண்ட குடும்பத்தின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டவருக்கு, தன் பேச்சுக்கு மாறாக நிற்கும் ஆட்கள் தெரிய மாட்டார்கள். கழற்றிய பிறகும் தெரிய மாட்டார்கள். தாத்தா ஒருமுறை நிதி மந்திரியின் மடியிலேயே போய் உட்கார்ந்தார். மகன், ஊர்வலம் நிறைந்த கடைவீதியை மாடியிலிருந்து பார்த்து, ஏன் இன்று ஈ காக்கைகூட இல்லை என்று கேட்டார். பேரன் காலத்தில் ஆட்சி போனது, மாளிகை அருங்காட்சியகம் ஆனது, கண்ணாடி ஒரு பெட்டிக்குள் போனது.

பெட்டிக்குள்ளும் தூசி படிந்ததால், காவலாளி அதைக் கண்ணாடிக் கடைக்காரியிடம் கொண்டுவந்தார். "துடைச்சு மட்டும் வைங்கம்மா. போட்டுப் பாத்துடாதீங்க" என்றார். ஆனால் அவள் போட்டுப் பார்க்காத எந்தக் கண்ணாடியும் அந்தக் கடைப்படி இறங்கியதில்லை. போதாக்குறைக்கு இடது வில்லையில் குறுக்காக ஒரு கீறல். கீறலைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மெருகுப்பொடி போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து அதைச் சுத்தமாக எடுத்தாள். பிறகு போட்டுக்கொண்டு எதிர்க்கடைப் பலகையைப் படித்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து மகள், திங்கட்கிழமை வெளியூருக்கு வேலைக்குக் கிளம்புவதாகவும், கடையைத் தன் தலையில் கட்ட வேண்டாம் என்றும், ஒரு மாதமாகச் சொல்வதையே மறுபடி சொன்னாள். கடைக்காரி கண்ணாடியோடு திரும்பினாள். மகளின் மேசையில் ஒரு திருப்புளி மட்டும் அந்தரத்தில் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தது.

"எங்கடி போனே?"

"இங்கதாம்மா இருக்கேன். கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணு தெரியலன்னு வெளிய சொல்லிடாத, யாவாரம் படுத்துடும்."

விளையாட்டில்லை என்று புரிந்ததும் மகளின் குரல் இறங்கியது. "சரி, நான் போகல. போதுமா?" என்றாள். அப்போதும் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியிடம் வாய்வார்த்தை எடுபடாது. போனால் போகட்டும் என்று கடைக்காரி தன் மனதைத் திருப்பிப் பார்த்தாள். நாற்காலியில் முழங்கை வரை ஒரு கை தெரிந்தது. மகள் இல்லாத கடையை நினைத்ததும் அதுவும் மறைந்தது.

வாரக் கடைசியில் வந்த காவலாளி, வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கோடு எங்கம்மா?"

"தேச்சு எடுத்துட்டேன்."

"கெட்டுது போங்க. பேரனோட சம்சாரம் மோதிரக் கல்லால போட்ட கோடு அது. அந்தம்மா அவரு கண்ணுல படாம போனதுக்கப்புறம், அது வழியாத்தான் சாகுறவரைக்கும் அவங்களப் பாத்தாரு."

வாழ்நாளில் ஒரு வில்லையிலும் கீறல் விழ விடாதவள், கண்ணாடி அறுக்கும் வைரமுனையைக் கையில் எடுத்தாள். மனசில்லாமல் இழுத்ததில் கோடு நேராக வரவில்லை. அதன் வழியே மகள் தெரிந்தாள், நூல் அகலத்துக்கு, கோணலாக, அழுத முகத்தோடு.

"என்னடி இப்படி இளைச்சுட்டே" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை மகள் கிளம்பினாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, முன்நெற்றி நரைத்தது. இவள் திரும்பி வந்து கடையில் உட்கார மாட்டாளா என்ற ஆசை அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை. அதனால் எல்லாவற்றையும் நூல் அகலத்தில்தான் பார்த்தாள். மகள் வரும்போதெல்லாம் காவலாளி கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்த நாட்களில் அருங்காட்சியகத்துப் பெட்டி வெறுமையாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள், பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, தங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.