நௌஷாட் எழுதிய தடுப்பான்

நபீஸாவின் மடிக்கணினியில் தையல் நூல் கடையின் பக்கத்தை அழுத்தினால் ஒரு சூதாட்டப் பக்கம் வந்து நின்றது. அபாயா தைத்து இணையத்தில் விற்கும் நபீஸா, ஏறாவூரில் ஸாதியா நடத்தும் கணினி வகுப்பில் படித்தவள்.

"மறுகாவும் அதான் வருகுது புள்ள. ஊட்டுல ஆம்புளயள் கண்டா என்னத்த நினைப்பாங்க?"

ஸாதியா உலாவியில் கூடுதலாகப் போட்டிருந்த நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். விளம்பரத் தடுப்பானை நிறுத்தியதும் நூல் கடை ஒழுங்காக வந்தது. திரும்பப் போட்டதும் சூதாட்டம். அந்தத் தடுப்பானை எழுதியவன் அவளுடைய அண்ணன், நௌஷாட் நானா.

வகுப்புப் பெண்களுக்கென்று ஒன்றைத் தெரிவு செய்ய, போன வருடம் அவள் பலதையும் போட்டுப் பார்த்திருந்தாள். ஒன்று பக்கங்களுக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் நிரல் எல்லாவற்றையும் மறித்ததில் வங்கிப் பக்கமே திறக்கவில்லை. இன்னொன்று, போகிற பக்கமெல்லாம் கூடவே வந்து வாசிக்க அனுமதி கேட்டது, வேண்டாமென்று விட்டாள். நௌஷாட்டுடையதும் அதே அனுமதியைத்தான் கேட்டது. ஆனால் கேட்டவன் நானா. "என்ட நானா எழுதினது, பயப்படாமப் போடுங்க" என்று ஒவ்வொருத்தியின் கணினியிலும் தன் கையாலேயே போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனபோது நௌஷாட் மாலை அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தான்.

"நானா, ஒங்கட தடுப்பான் சூதாட்டப் பக்கத்துக்குக் கொண்டு போகுது."

"அது இப்ப என்ட இல்ல, ஸாதியா. வெளிநாட்டுக் கொம்பனியொண்டு வாங்கிட்டு. அவங்க என்ன செய்யிறாங்களோ, எனக்கென்ன தெரியும்?"

விற்றதைச் சொல்லாதது சுட்டது. ஆனாலும் அவனும் ஏமாந்துதான் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க முடிந்தது ஆறுதலாக இருந்தது. எல்லோரையும் கழற்றச் சொல்லி வகுப்புக் குழுவுக்கு எழுதப் போவதாகச் சொன்னாள்.

"என்ட லெப்டொப்புல எழுது" என்றுவிட்டு அவன் பள்ளிவாசலுக்குப் போனான்.

உலாவியைத் திறந்தாள். மூலையில் இருந்தது வேறு யாரோ எழுதிய தடுப்பான். நௌஷாட்டுடையதைத் தேடினாள். அந்தக் கணினியில் அது எங்குமே இல்லை.

அவன் திரும்பி வரும்வரை ஒரு எழுத்தும் எழுதாமல் இருந்தாள்.

"இத எப்ப மாத்தின நீங்க?"

நௌஷாட் திரையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"விக்கக்குள்ளயே."

"அப்ப எல்லாம் தெரிஞ்சிரிக்கி."

"வெளிய சொல்லக் கூடாதெண்டு ஒப்பந்தம், ஸாதியா."

"என்ட கணினியிலயும் அதுதான் இரிக்கி நானா. ஒவ்வொரு நாளும் நீங்க பாத்துக்கிட்டுத்தான் இரிந்த."

அவள் குழுவுக்கு எழுதினாள்: 'என்ட நானாட தடுப்பான உடன கழட்டுங்க. அத நம்ப வேணாம்.'

நபீஸாதான் முதலில் கேட்டாள்: 'அப்ப எதப் போடுற புள்ள?'

நௌஷாட் தனக்கென்று வைத்திருந்த தடுப்பானின் பெயரை ஸாதியா எழுதினாள். நல்லதுதான் அது, தனக்கு எது நல்லதென்று தெரிவு செய்ய அவனுக்குத் தெரிந்திருந்தது. அனுப்பாமல் அழித்தாள். திரும்பவும் எழுதினாள். நபீஸாவின் பெயருக்குக் கீழே இன்னும் நாலைந்து பெண்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். வாசலடியில் நௌஷாட், தொப்பியைக் கையில் வைத்தபடி, உள்ளே வருவதா வெளியே போவதா என்று தெரியாமல் நின்றான்.