மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை

கண்டக்டர் ஞானதிரவியத்தின் இடது கை, அன்று காலை அவருக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டது. அடைபட்ட இதயத்துக்கு ரத்தக்குழாய் கொடுக்கப்போவது அதுதான். சம்மதமும் அதுவே தர வேண்டும். வலது கை தந்தால் செல்லாது.

டாக்டர் மெஹருன்னிசா மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். கை வெளுத்தது.

"இங்க ரெண்டு குழாய் இருக்கு அண்ணாச்சி. ஒண்ண எடுத்துட்டா, மத்தது தனியா சமாளிக்குமா?"

"அதுகிட்டயே கேளுங்கம்மா."

ஒரு குழாயின் மேலிருந்த பிடியை மட்டும் விட்டார். ஆறு எண்ணுவதற்குள் கை சிவந்தது. அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டார்கள்.

பிறகு இருவரும் கைக்குள் நடந்தார்கள். முழங்கை, பஸ்ஸில் வள்ளியூர் போகிற தூரத்தில் இருந்தது. டாக்டர் குழாயைத் தொடவே இல்லை. சுற்றியிருந்த கொழுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, கிளைச் சந்துகளை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு மூடியபடி போனார். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. முப்பது வருஷம் நெரிசலில் வேலை பார்த்த மனுஷனுக்கு, யார்மேலும் இடிக்காமல் ஒருத்தர் போவதைப் பார்க்க மனசு நிறைந்துபோனது.

"தொட்டா என்னம்மா ஆகும்?"

"கோவிச்சுக்கும். சுருங்கிடும்."

முழங்கை வந்ததும் குழாய் வாசலிலேயே தயங்கி நின்றது. ஞானதிரவியத்துக்குப் பழக்கதோஷம். அதன் முதுகில் தட்டி, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு" என்றுவிட்டார்.

குழாய் நூலாகச் சுருங்கியது. அங்கே இதயத்தை ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஞானதிரவியத்துக்கு உயிரே போய்விட்டது. அதற்கான படிவம் தீர்ந்துபோயிருந்ததால் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வெதுவெதுப்பான மருந்துநீரை அதன்மேல் ஊற்றிவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தார். என்ன பொறுமை! ஞானதிரவியத்துக்குக் கண் கலங்கியது. குழாய் மெல்ல விரிந்தது. டாக்டர் பின்னாலேயே இதயம் வரை வந்தது. மயிரிழையைவிட மெல்லிய நூலால் அதைத் தைத்து முடித்தார்.

இதயம் நகரவில்லை.

"எல்லாம் சரியாத்தான இருக்கு. ஏன் நிக்குது?"

"சொல்லாம கிளம்பாதும்மா."

"அப்ப சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் வாயால சொன்னதே இல்ல. கைதான் சொல்லும்."

வரிசையிலிருந்து இடது கையைக் கூப்பிட்டார்கள். ஒற்றைக் குழாயோடு வந்தது. நன்றாகச் சிவந்துதான் இருந்தது. டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.

கை, நெஞ்சின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. இதயம் கிளம்பியது.

டாக்டர் ஓடிவந்து தொற்றிக்கொண்டார். ஞானதிரவியம் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை.